வயிறாரத் தின்றதையும் எழுதுவோம்

“அடிபட்டத எழுது. அவமானப்பட்டத எழுது. பிரியாணி துன்ன கதையெல்லாம் இன்னாத்துக்கு?” என்று ஒரு தோழர் கேட்டார். நானும் அக்காவும் தம்பியும் திருவாலங்காட்டிலிருந்து மெட்ராசுக்குப் போய் ஊர் சுற்றிவிட்டு வந்ததை எழுதி அவரிடம் காட்டியிருந்தேன். தலித் எழுத்தென்றால் ரத்தமும் கண்ணீரும்தான் என்று நம் ஆட்களே எல்லை கட்டுகிறார்கள். மேல்சாதி வாசகனும் அதைத்தான் கேட்கிறான். நாம் அழுதால் அவனுக்கு இலக்கியம்; சிரித்தால் சந்தேகம்.

தோழருக்கு ஒன்று சொல்கிறேன். 1901இல் சிறுவன் அம்பேத்கரும் அண்ணனும் அக்கா வீட்டுப் பிள்ளைகளும் கோரேகானில் வேலை பார்த்த அப்பாவிடம் போகக் கிளம்பினார்கள். புதுச் சட்டை, ஜரிகைத் தொப்பி, ரயில் பயணம். குதித்துக்கொண்டுதான் போயிருக்கிறார்கள். மசூர் ஸ்டேஷனில் சாதி தெரிந்ததும் வண்டிக்காரர்கள் மறுத்துவிட்டார்கள். இரட்டைக் கூலி கொடுத்து, மாட்டைத் தாங்களே ஓட்டிப் போனார்கள். கையில் சாப்பாடு இருந்தது. தண்ணீர் தர ஆளில்லை. பட்டினியாகவே படுத்தார்கள். 1934இல் அதே அம்பேத்கர், பாரிஸ்டர் அம்பேத்கர், தோழர்களோடு தௌலதாபாத் கோட்டையைச் சுற்றிப் பார்க்கப் போனார். வாசல் குளத்தில் கைகால் கழுவியதற்குக் குளம் தீட்டாகிவிட்டதென்று முஸ்லிம்கள் கூச்சல் போட்டார்கள். உள்ளே எங்கும் தண்ணீரைத் தொடாமல் பார்த்துக்கொள்ள ஒரு சிப்பாயைக் கூடவே அனுப்பினார்கள். இதையெல்லாம் அவரே எழுதியிருக்கிறார். ஊர் சுற்றுவதும் தின்பதும் அற்ப விஷயமென்றால் அவர் ஏன் எழுதவேண்டும்?

எங்கள் ஊர் காரைக்காலம்மையார் தலையால் நடந்து வந்ததாகப் புராணம் சொல்லும் ஊர். எலும்பும் தோலுமான அந்தப் பேயுருவைக் கும்பிடுகிறார்கள். சேரியில் பசியால் எலும்பும் தோலுமாய்க் கிடந்தவர்களை எவனும் கும்பிடவில்லை. எங்க நைனா பக்கத்து ஊர் டீக்கடையில் தனிக் கிளாசில் குடித்து, தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தவர். வெளியே எங்கே சாப்பிட்டாலும் தலை குனிந்து அவசரமாகத்தான் சாப்பிடுவார்.

அந்த நைனாவின் பிள்ளைகள் மூவரும் மின்சார ரயிலில் ஜன்னலோரம் பிடித்துப் போனோம். எழும்பூர் மியூசியத்தில் எங்க ஊர் நடராசர் நிற்கிறார், சோழர் காலத்து வெண்கலம். ஊரில் கூட்டத்துக்குப் பின்னால் நின்று கற்பூர வெளிச்சத்தில் சாமி பார்த்தவர்கள் நாங்கள். இங்கே எதிரே நின்றோம். தம்பி சுற்றிப்போய் முதுகையும் பார்த்தான். “டிக்கெட் வாங்கினா எல்லாருக்கும் ஒரே தூரந்தான்டா” என்றாள் அக்கா.

பிறகு பெரியமேட்டுப் பக்கம் ஒரு கடை. ஊரில் கறி வாங்கினால் துணிபோட்டு மூடித்தான் கொண்டுவருவோம். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து கடையே கேட்கும்படி சொன்னாள்: “பீப் பிரியாணி மூணு!” யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எலும்பை உறிஞ்சி, விரலை நக்கி, மெதுவாகத் தின்றோம். சாயங்காலம் மெரினாவில் பாவாடை நனைய நின்று அக்கா சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

நகரம் சொர்க்கமென்று சொல்லவில்லை. சாக்கடைக் குழியில் விஷவாயு தாக்கிச் சாகிறவன் நம்ம ஆள்தான். ‘சைவம் மட்டும்’ என்று சொல்லி வீடு தர மறுக்கிறவன் அங்கேயும் இருக்கிறான். 2022 மே மாதம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா அறிவித்த மாவட்ட நிர்வாகம், மாட்டுக்கறி பிரியாணிக்கு இடம் வைக்கவில்லை. எதிர்ப்பு கிளம்பியது. மழையைக் காரணம் காட்டி விழாவையே தள்ளிவைத்தார்கள். நம்ம சோறு அவர்களுடைய விழாவுக்கு உறுத்துகிறது. நாம் சந்தோஷமாகச் சாப்பிடுவதுதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன் தோழரே: அடிபட்டதை எழுதுவோம், விடமாட்டோம். ஆனால் அடிமட்டும்தான் நம்ம வாழ்க்கை என்று எழுதினால், அடித்தவன் நமக்குக் கொடுத்த அடையாளத்தையே நாமும் எழுதிக் கொடுத்ததாகும். 1901இல் அந்தப் பிள்ளைகள் தொடாமல் வைத்த சோறு இன்னும் கணக்கில் இருக்கிறது. அதை நாம் தின்று தீர்க்கவேண்டும், தின்றோமென்று எழுதவும் வேண்டும்.

அடுத்த மாசம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறோம். அம்மா இதுவரை கடல் பார்த்ததில்லை.