மணப்பதிவில் இல்லாத கையொப்பம்

முசலிப் பகுதியைச் சேர்ந்த என் பழைய மாணவி ஒருத்தி சென்ற மாதம் தன் தாயாருடன் வீட்டுக்கு வந்திருந்தாள். கையில் ஒரு பொலித்தீன் பை. அதனுள் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், வைத்தியசாலைச் சீட்டுகள் சில, மடித்து மடித்துக் கிழியும் நிலைக்கு வந்துவிட்ட இரண்டு கடிதங்கள். கணவன் செலவுக்குப் பணம் அனுப்பி இரண்டு வருடங்கள் கடந்துவிட்டன என்றாள்.

"சேர், நல்ல அப்புக்காத்து ஒருவரைப் பிடித்துத் தாருங்கள். காசுக்கு வளையலை விற்கலாம்" என்றார் தாயார்.

வளையலை விற்க வேண்டாம் என்றேன். காதி நீதிமன்றத்தில் கட்சிக்காரருக்காக வழக்கறிஞர் தோன்றுவதற்குச் சட்டமே இடமளிக்கவில்லை. அவரவர் வழக்கை அவரவரே சொல்லவேண்டும்.

பிரிவு விவகாரத்தைக் குடும்பப் பகுதியில் எழுதலாமா என்று பெரியவர்கள் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். கூடி வாழ்வதே நன்று என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆயினும், கூடி வாழ வழியற்றுப் போன ஒரு பெண் எந்தக் கடதாசியைக் கொண்டு எந்த வாசலுக்குப் போவது என்று அறியாமல் நிற்பது குடும்பத்துக்குப் பெருமை சேர்க்கும் காரியமன்று. நான் இந்து, மார்க்க நியாயங்களைப் பேச எனக்குத் தகுதியில்லை. மனு எழுத உதவுவதற்கு அத்தகுதி தேவைப்படாது என்ற துணிவிலேயே எழுதுகிறேன்.

இலங்கை முஸ்லிம்களின் விவாகமும் விவாகரத்தும் 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்துக்கு அமைந்தவை. வழக்கறிஞரைக் காதியின் முன் அனுமதியாமல் விட்டதில் ஒரு நல்லெண்ணம் தெரிகிறது: ஏழையும் செலவின்றித் தன் குறையைச் சொல்லட்டும் என்பதே அது. ஆனால் பேசுவதற்கு ஆள் இல்லாத இடத்தில் கடதாசிதான் பேசவேண்டும். அங்கேதான் பெண்ணின் பாடு கடினமாகிறது. தலாக் கூற விரும்பும் கணவன், மனைவி வசிக்கும் பகுதிக் காதிக்கு அறிவித்தல் கொடுத்தால் போதும். காரணத்தை எழுத்தில் நிறுவும் பொறுப்பு அவனுக்கில்லை. சமரச முயற்சிக்குரிய தவணைகள் கழிந்ததும் காரியம் முடிந்துவிடும். மனைவி பஸஹ் கேட்டால், கணவனின் குற்றத்தை அவள் எடுத்துரைத்து, சாட்சிகளைக் கொண்டு மெய்ப்பித்தாக வேண்டும். காதியுடன் மூன்று முஸ்லிம் மதியுரைஞர் அமர்ந்து விசாரிப்பர். காதியாக ஆண் ஒருவரையே நியமிக்கலாம் என்றும் 1951இன் சட்டம் வகுத்தது. தன் வீட்டு ஆண்களிடமே வாய்திறந்து பேசிப் பழகாத பெண்ணுக்கு அச்சபை எப்படித் தோன்றும் என்பதை வாசகர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும்.

ஆகவே கடதாசிகளை முன்கூட்டியே சேர்த்துக்கொள்வது அவசியம். முதலில் விவாகப் பதிவின் அத்தாட்சிப் பிரதி. இதுவே முசலி மக்களுக்குப் பெருஞ்சிக்கல். 1990 ஒக்டோபரில் வடபகுதி முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, மறிச்சுக்கட்டியிலும் கொண்டச்சியிலும் சிலாவத்துறையிலும் பெட்டகங்களில் இருந்தவை இருந்தபடியே கிடந்தன. உடுத்த துணியுடன் போனவர்கள் சான்றிதழைத் தேடியிருப்பார்களா? அதன்பின் பல விவாகங்கள் புத்தளம் மாவட்டத்து முகாம்களிலும் குடியேற்றங்களிலும் நடந்தன. 2009இல் போர் முடிந்த பின்னரே குடும்பங்கள் படிப்படியாகத் திரும்பின. எனவே முசலியில் வாழும் ஒருத்தியின் மணப்பதிவு புத்தளத்தில் இருப்பது வியப்பன்று. பதிவு நடந்த இடத்தின் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பதிவு இலக்கம் தெரியாவிடில் திகதி, இடம், இருவர் பெயர், பதிவாளர் பெயர் ஆகியவற்றை நினைவுள்ள மட்டும் எழுதலாம்.

பதிவே செய்யவில்லையென்றால்? பதியாத காரணத்தினால் மட்டும் விவாகம் செல்லாததாகிவிடாது என்று சட்டம் கூறுகிறது. நிக்காஹ் நடத்தியவர், வலியாக நின்றவர், சாட்சியாக இருந்தவர் ஆகியோரின் பெயர்களைத் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் என்றும் உயிரோடிருப்பவர்கள் அல்லர்.

அடுத்தது மனு. என் மாணவி முதலில் எழுதிக்கொண்டு வந்தது பதினொரு பக்கம். மாமியார் சொன்ன சொல், மைத்துனியின் பார்வை, நோன்புப் பெருநாளன்று உடுப்பு வாங்கித் தராதது எல்லாம் அதில் இருந்தன. அத்தனையும் உண்மையான துயரம். ஆனால் செலவுக்குப் பணம் நின்ற மாதம் அதில் எங்கும் இல்லை. இருவரும் அமர்ந்து அதை ஒன்றரைப் பக்கமாக்கினோம். மணமான நாள், பிள்ளையின் வயது, கணவன் வீட்டைவிட்டுப் போன திகதி, கடைசியாகப் பணம் வந்த திகதி, அடித்த நாள், அதற்காக வைத்தியசாலைக்குப் போன நாள், இவற்றை அறிந்த இருவரேனும் சாட்சிகள். கணவனின் சரியான விலாசமும் வேண்டும். வெளிநாட்டிலிருந்தால் அவன் பெற்றோரின் விலாசத்தையும் சேர்க்கவேண்டும். அழைப்பாணை போய்ச் சேராமல் வழக்கு நகராது.

மஹர், கைக்கூலி, பிள்ளையின் தாபரிப்பு, இத்தாக் காலச் செலவு ஆகியவற்றையும் காதியிடமே கேட்கலாம். கைக்கூலியாகக் கொடுத்த தொகை மணப்பதிவில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சபையில் எண்ணிக் கொடுத்துவிட்டுப் பதிவில் குறிக்காமல் விடும் வழக்கம் பலரை அழவைத்திருக்கிறது. தாபரிப்புக் கட்டளையை மதியாதவனிடம் மஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் மூலம் அறவிடவும் வழியுண்டு. கொடுக்கும் ஒவ்வொரு கடதாசிக்கும் ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இதை நான் மூன்று முறை சொன்னேன்.

அயலூர்களான முள்ளிக்குளத்துக் கத்தோலிக்கருக்கும் ஏனைய இந்து, கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் வழி வேறு. அவர்கள் மாவட்ட நீதிமன்றத்துக்கே போகவேண்டும். அங்கும் தானே தோன்றி வழக்காடச் சட்டம் தடை சொல்லவில்லை. ஆயினும் குற்றம் காட்டி நிரூபிக்கும் அவ்வழக்கைத் தனியே நடத்துவது எளிதன்று. வசதியற்றவர்கள் 1978இல் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுவதே மேல். முதல் தீர்ப்புக் கிடைத்ததும் மறுமணத்துக்கு நாள் பார்க்கவேண்டாம்; குறைந்தது மூன்று மாதம் கழிந்தே அது முடிவான தீர்ப்பாகும்.

முஸ்லிம் விவாகச் சட்டத்தைத் திருத்த ஆராய 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் அமைந்த குழு, 2018இல்தான் அறிக்கை கொடுத்தது. ஒன்பது ஆண்டுகள்! இக்குழுவுக்கு எங்கள் பாடசாலைத் தவணைப் பரீட்சை வைத்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

புத்தளத்திலிருந்து பதிவுப் பிரதி வந்த அன்று மாணவி மீண்டும் வந்தாள். அதை நெடுநேரம் புரட்டிப் பார்த்தாள். மணமகனின் ஒப்பம் இருந்தது. வலியாக நின்ற வாப்பாவின் ஒப்பம் இருந்தது. மணமகளின் ஒப்பத்தை 1951இன் சட்டம் கேட்கவில்லை.

"என் பெயர் இருக்கிறது, சேர். நான் எங்கே கையெழுத்துப் போட்டேன்?"

போடவில்லை, பிள்ளை என்றேன்.

மனுவின் கடைசிப் பக்கத்தை எடுத்து வைத்தேன். எந்த இடத்தில் என்று கேட்டாள். விரலால் காட்டினேன். பள்ளிக்கூடத்தில் எழுதியதுபோல் முழுப் பெயரையும் நிறுத்தி எழுதினாள்.