அம்புக்குறி காட்டும் வழி

பெதஸ்டா நிறுவனத்தின் 'எல்டர் ஸ்க்ரோல்ஸ்' கணினி விளையாட்டு வரிசையைப் பற்றிய விவாதங்கள், எந்த உலகம் பெரியது, எது அழகானது என்பதிலேயே பெரும்பாலும் தேங்கிவிடுகின்றன. வாசகன் என்ற முறையில் என்னை உறுத்துவது வேறு. 2002-ல் வந்த 'மாரோவிண்ட்'டில் ஆட்டக்காரன் வாசித்தாக வேண்டும். 2006-ல் வந்த 'ஓப்லிவிய'னில் வாசிக்காமலே கடந்துவிடலாம்.

மாரோவிண்டில் நாம் ஒரு கைதியாகக் கப்பலில் வந்து செய்டா நீன் என்ற சதுப்புநிலச் சிற்றூரில் இறங்குகிறோம். பல்மோரா நகரில் காயஸ் கொசாடெஸ் என்பவரிடம் ஒரு பொட்டலத்தைச் சேர்க்க வேண்டும். அவர் வீடு எதுவென்று வரைபடம் சொல்லாது. மதுக்கடையில் விசாரித்தறிய வேண்டும். கதவைத் திறந்தால், சக்கரவர்த்தியின் ஒற்றர் தலைவர் மேலாடையில்லாமல் போதை அடிமையைப் போல நிற்கிறார். அடுத்து ஆர்க்ந்தாண்ட் இடிபாடுகளுக்குள் ஒரு புதிர்ப்பெட்டியைத் தேடும் வேலை. எந்தப் பாலத்தைக் கடப்பது, மூடிய வாயிலை எப்படித் திறப்பது, எல்லாம் வாக்கியங்களில்தான். ஒரு சொல்லைத் தவறவிட்டால் சாம்பல் படிந்த பள்ளத்தாக்கில் அலைய வேண்டியதுதான். உள்ளே நுழைந்த பிறகும், இருட்டறையில் கிடக்கும் அந்தச் சிறு பெட்டியை மணிக்கணக்கில் தேடியவர்கள் உண்டு.

இது வெறும் சிரமமன்று. இந்த ஆட்டத்தின் மையமே ஒரு வாசிப்புச் சிக்கல். நெரெவார் என்ற பழந்தலைவன் எப்படி இறந்தான்? ஆலயம் ஒன்று சொல்கிறது, சாம்பல்நிலத்துப் பழங்குடிகள் வேறொன்று சொல்கிறார்கள், எதிரி தன் பங்குக்கு இன்னொன்று. எது மெய்யென்று ஆட்டம் தீர்ப்பளிப்பதில்லை. நாம் அவனுடைய மறுபிறப்பா, அல்லது அப்படி நம்பவைக்கப்பட்ட ஒரு கருவி மட்டுமா என்பதும் திறந்தே கிடக்கிறது. வழி கேட்டுக் கேட்டு நடந்தவனுக்கு, யார் சொல்வதையும் அப்படியே ஏற்கக் கூடாது என்பது அதற்குள் பழகியிருக்கும்.

குறைகளை மறைப்பதற்கில்லை. வாள் எதிரியின் உடலில் பாய்வது கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் பின்னால் உருளும் பகடை 'தவறியது' என்கிறது. ஊர்மக்கள் இரவும் பகலும் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள். எவரைக் கேட்டாலும் அதே கலைக்களஞ்சியப் பத்தி.

ஓப்லிவியன் இவற்றைச் சரிசெய்தது. அதன் மனிதர்கள் உண்கிறார்கள், உறங்குகிறார்கள். ஐந்து விருந்தினர்களை ஒரே மாளிகையில் பூட்டிவைத்து, அவர்கள் ஒருவரையொருவர் சந்தேகிக்க நாம் கொன்று தீர்க்கும் அந்த அத்தியாயம் இந்த வரிசையின் மிகச் சிறந்த பகுதிகளில் ஒன்று. கூடவே இரண்டு காரியங்கள் நடந்தன. எல்லா உரையாடலும் குரலானது. சக்கரவர்த்தியாகப் பேட்ரிக் ஸ்டூவர்ட் பேசினார். பதிவு செய்யப்படும் சொல்லுக்குச் செலவு உண்டல்லவா, ஆகவே சொற்கள் சுருங்கின. திசைகாட்டியில் ஓர் அம்பு முளைத்தது. அதோடு, நாம் வளர வளர உலகமும் நமக்கு நிகராக வளரும் ஏற்பாடு. பொன்னுக்கு நிகரான கண்ணாடிக் கவசம் பூண்ட வழிப்பறிக்காரன் வெறும் நூறு காசு கேட்டு மறிக்கும்போது அழுவதா சிரிப்பதா என்று தெரிவதில்லை.

"அம்பு பிடிக்காவிட்டால் அணைத்துவிடேன்" என்பார்கள் நண்பர்கள். வேலையும் குடும்பமும் உள்ளவனுக்கு அலைய நேரமில்லை என்ற அவர்களின் வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் 2011-ல் வந்த 'ஸ்கைரி'மில் அதை அணைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். குறிப்பேட்டில் பல வேளைகளில் 'இன்ன குகையில் இன்னதை எடுத்து வா' என்பதற்கு மேல் ஒன்றுமிருக்காது. ஆற்றின் எக்கரை, எந்தப் பாறைக்கு வடக்கே என்று எவரும் சொல்வதில்லை. அம்பு இருக்கிறதென்று நம்பி அந்த வாக்கியங்களை எழுதாமலே விட்டுவிட்டார்கள். 2025 ஏப்ரலில் ஓப்லிவியன் புது மெருகுடன் மீண்டும் வந்தபோதும் அம்பு அதே இடத்தில்தான் இருந்தது.