முதலில் ஒரு கணினி, பிறகு மற்றவை

பத்துப் பன்னிரண்டு கணினிகளை வைத்துக்கொண்டு கணக்கெழுதியும் ரசீது அச்சிட்டும் காலம் நடத்துகிற சிறு காரியாலயங்களில், விண்டோஸ் அப்டேட் என்பது எவருடைய பொறுப்பிலும் அடங்காத காரியமாகவே இன்றளவும் இருந்து வருகிறது. ஜி.எஸ்.டி. தாக்கலின் கடைசி நாளன்று கணினி ரீஸ்டார்ட் ஆகி உபத்திரவம் செய்யுமோ என்று அஞ்சிச் சிலர் அதை அடிக்கடி தள்ளிப்போடுகிறார்கள். வேறு சிலரோ, வருவது வரட்டும் என்று எல்லாக் கணினிகளையும் அதன் போக்கில் விட்டுவிடுகிறார்கள். இவ்விரு மார்க்கங்களுமே விபரீதத்தில் முடியக்கூடியவை.

2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸிலிருந்த ஓர் ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை வெளியிட்டும், அதை ஏற்றிக்கொள்ளாத கணினிகள் ஏராளமாக இருந்தமையால், மே 12 அன்று கிளம்பிய வானாக்ரை என்னும் தீநிரல் அதே ஓட்டை வழியாகப் புகுந்து கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டதோடு, இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சைகளையும் ஒத்திப்போடச் செய்தது. இதற்கு நேர்மாறாக, 2024 ஜூலை 19 அன்று, கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையுள்ள கோப்பொன்று எங்கும் ஏககாலத்தில் போய்ச் சேர்ந்தமையால், சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் ஸ்தம்பித்து, நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதித் தர நேர்ந்தது. முன்னது தாமதத்தின் விளைவு. பின்னது, சோதித்துப் பாராமல் எல்லா இடங்களுக்கும் ஒருசேர அனுப்பியதன் விளைவு.

ஆகவே, மாதந்தோறும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியாகும் திருத்தங்களை, மற்றக் கணினிகளில் உள்ள அதே டேலி கணக்கு மென்பொருளும் அதே பிரிண்டரும் உள்ளதாய், நின்றுபோனாலும் நஷ்டம் அதிகமில்லாததாய் இருக்கும் ஒரு கணினியில் முதலில் ஏற்றி, இரண்டு மூன்று நாள் அச்சும் கணக்கும் பிசகின்றி நடப்பதைக் கண்ட பிற்பாடு, பேக்கப் எடுத்துக்கொண்டு, வேலை முடிந்த மாலை வேளையில் ஏனையவற்றுக்கு வழங்குவதே விவேகமாகும். இணையத் திருடர்கள் ஏற்கெனவே பயன்படுத்திவரும் ஓட்டையென்று அறிவிக்கப்பட்டால் மட்டும் இந்தப் பரீட்சையைச் சில மணி நேரத்தில் முடித்துக்கொள்ள வேண்டும். திருத்தத்தை ஒரு கணினி இறக்கிக்கொண்டு உள்வலையில் மற்றவற்றுடன் பகிர்ந்துகொள்ளும் வசதி விண்டோஸிலேயே இருப்பதால், இன்டர்நெட் இணைப்பு திணறும் என்ற ஆட்சேபமும் நிற்காது.

இதற்கெல்லாம் தனி நிபுணர் அவசியமில்லை. சிரத்தையுள்ள ஊழியர் ஒருவர் போதும். ஆனால் அவர் ஓய்வு நேரத்தில் செய்யும் உபகாரமாக இதைக் கருதாமல், மாதத்தில் ஒரு மாலையை இதற்கென்று ஒதுக்கி, அதற்குரிய ஊதியமும் கொடுத்து, வேலைப் பட்டியலில் அவர் பெயரையே எழுதி வைப்பது முதலாளியின் கடமை. பெயர் எழுதப்படாத பொறுப்பை எந்தக் காரியாலயத்திலும் எவரும் நிறைவேற்றியதில்லை.