புளியோடு ஒரு வார்த்தையும் கொடுப்போம்

வில்லியனூர், பாகூர் கிராமங்களிலும் சில வீடுகளில் பித்தளை புத்தர் சிலை வைத்திருக்கிறார்கள். அதைத் துலக்கப் புளியும் பொடியும் வாங்க நம் கடைக்குத்தான் வருகிறார்கள். சரக்கை விற்பதோடு நம் கடமை முடியவில்லை என்பது நமது கருத்து.

வலக்கை நிலத்தைத் தொட்டிருந்தால், பூமியைச் சாட்சிக்கு அழைத்ததைக் குறிக்கும். உயர்த்திய உள்ளங்கை 'அஞ்சாதே' என்னும் அபயம். ஞானம் பெற்ற புத்தருக்கு முதலில் உணவளித்தவர்கள் இரு வணிகர்களே என்பது பௌத்த மரபு. ஆகவே அவர் நம் இனத்தாருக்கு அந்நியரல்லர்.

மெருகுப் பூச்சுள்ள புதுச் சிலைக்கு உலர்ந்த மென்துணியே போதும். பூச்சில்லாததைப் புளியால் துலக்கினால், உடனே நல்ல தண்ணீரில் கழுவி ஈரம் போகத் துடைக்க வேண்டும். புளிப்பும் உப்பும் தங்கினால் பச்சைக் களிம்பு ஏறும். மணலும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் முகக்களையே போய்விடும்.

பழஞ்சிலை என்றால் புளியே கூடாது. நாகப்பட்டினத்தில் 1856 முதல் மண்ணுக்குள்ளிருந்து சுமார் 350 பௌத்தச் செப்புச் சிலைகள் கிடைத்தன. அவற்றுள் பலவற்றைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் காணலாம். சிலவற்றின் பீடத்தில் தமிழ் எழுத்தும் உண்டு. அழுத்தித் தேய்த்தால் அந்தச் சாட்சி அழிந்துபோகும்.

நூறாண்டு கடந்த சிலையை உரிமமின்றி விற்கும் தொழிலை 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. நிலத்தில் கிடைத்ததைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். யாரேனும் 'பழைய பித்தளை' என்று எடைக்குக் கொண்டுவந்தால், தராசில் ஏற்றாமல் இதை எடுத்துச் சொல்லி அனுப்புவோம்.