எஞ்சின்களுக்குக் கூரை வேண்டும்

நமது தேசத்தில் நீராவி எஞ்சின்களின் ஆட்சி முடிந்து ஒரு தலைமுறைக் காலம் ஆகிவிட்டது. அகலப் பாதையில் அன்றாடப் பிரயாணிகள் வண்டியை நீராவி எஞ்சின் கடைசியாக இழுத்துச் சென்றது 1995-ஆம் வருஷம் டிசம்பர் 6-ஆம் தேதி, பஞ்சாபில் ஜலந்தருக்கும் பிரோஸ்பூருக்கும் இடையில். இப்போது நீலகிரி, டார்ஜிலிங் மலைப் பாதைகளிலும் சில விசேஷ வண்டிகளிலும் தவிர அவற்றை ஓடக் காண்பதரிது. ஆயிரக்கணக்கானவை பழைய இரும்பாக விலை போயின. உலைக்குத் தப்பிய சில, பொருட்காட்சி சாலைகளிலும், ரயில் நிலைய வாசல்களிலும், ரயில்வே காரியாலயங்களின் முகப்பிலும் நிறுத்தப்பட்டிருக்கின்றன. உலைக்குத் தப்பிய இவை வெயிலுக்கும் மழைக்கும் தப்பவில்லை என்பதே இன்று நாம் கவனிக்க வேண்டிய விஷயம்.

இவற்றைப் பாதுகாக்கும் முறை பெரும்பாலும் ஒன்றே. பெரிய உத்தியோகஸ்தர் விஜயம் செய்யும் சமயத்திலோ, விழா நெருங்கும் சமயத்திலோ, எஞ்சினுக்கு ஒரு பூச்சு வர்ணம் அடிக்கப்படுகிறது. பாய்லருக்குப் பளபளக்கும் கறுப்பு, முன் கட்டைக்குச் சிவப்பு, சக்கர விளிம்புகளுக்கு வெள்ளை. புகைப்படம் எடுக்கப்படுகிறது, மாலை சூட்டப்படுகிறது. இரண்டு மழைக்காலம் கழிவதற்குள் வர்ணம் கொப்புளமாகக் கிளம்பி, அதன் கீழிருந்து துரு செந்நீராக வழியத் தொடங்குகிறது. மறுபடியும் அதே துருவின் மேல் அதே வர்ணம்! புண்ணுக்குப் புனுகு பூசுவது என்று நம் பெரியோர் சொன்னது இதைத்தான். புனுகு மணக்கும், உள்ளே புண் புரையோடும்.

நமது அபிப்பிராயம் இதுதான்: திறந்த வெளியில் நிற்கும் எஞ்சினுக்கு முதல் தேவை வர்ணமன்று, கூரை. கூரையின் கீழ் அதை உலர்த்தி, துருவை நீக்கிச் சுத்தம் செய்த பின்னரே வர்ணத்துக்கு இடம் உண்டு. கூரை போட மனமில்லாதவர்கள் எஞ்சினைப் பெற்றுக்கொள்ளவே கூடாது.

பழைய இரும்புக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்பவர்கள் இருக்கலாம். அந்நியர் தம் லாபத்துக்காகக் கொண்டுவந்த யந்திரங்களுக்கு நாம் ஏன் மாலை சூட்ட வேண்டும் என்று கேட்கும் தேசாபிமானிகளும் இருக்கலாம். அவர்களுடைய கேள்வியில் நியாயமில்லாமல் இல்லை. பிரிட்டிஷ் கம்பெனிகள் போட்ட முதலுக்கு நூற்றுக்கு 5 வீதம் வட்டியை உத்தரவாதம் செய்து, குறைந்ததை இந்தியரின் வரிப் பணத்திலிருந்து கொடுத்துத்தான் நம் நாட்டின் முதல் ரயில் பாதைகள் போடப்பட்டன. அடிமைக் காலத்தில் பிரிட்டனிலிருந்து இங்கே இறக்குமதியான எஞ்சின்கள் சுமார் 12,000. இங்கேயே கட்டப்பட்டவை ஏறக்குறைய 700 தான் என்று சரித்திர ஆசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். செய்யத் தெரிந்த கைகளைச் செய்யவிடாமல் வைத்திருந்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமோ?

ஆனால் அந்தச் சாட்சியைக் காப்பாற்றுவது யார் கடமை? 1895-ஆம் வருஷத்தில் ராஜபுதானா-மாளவா ரயில்வேயின் அஜ்மீர் தொழிற்சாலையில் ‘எப்’ வகுப்பைச் சேர்ந்த 734-ஆம் எண் மீட்டர் பாதை எஞ்சின் கட்டி முடிக்கப்பட்டது. முழுக்க முழுக்க இந்தியாவிலேயே கட்டப்பட்ட முதல் எஞ்சின் அது. இந்தியத் தொழிலாளியால் முடியும் என்பதை ஏட்டிலும் மேடையிலும் கூறுமுன் இரும்பிலே எழுதிக் காட்டிய ஆவணம். இன்று அது புது தில்லியில், 1977-இல் திறக்கப்பட்ட தேசிய ரயில் பொருட்காட்சி சாலையின் சேகரத்தில் இருக்கிறது. சுதந்தரத்துக்குப் பின் 1950-இல் தொடங்கி 1972 வரை சித்தரஞ்சன் தொழிற்சாலை 2,351 நீராவி எஞ்சின்களைக் கட்டிற்று. அஜ்மீரில் தொடங்கிய கதையின் நிறைவு அது. காகித ஆவணத்தை மழையில் போடுகிறவனைப் பைத்தியக்காரன் என்போம். இரும்பு ஆவணத்தை மழையில் நிறுத்துகிறவனை மட்டும் என்னவென்பது?

“வாழ்நாள் முழுதும் மழையிலும் வெயிலிலும் ஓடிய எஞ்சின்தானே? நிற்கும்போது மட்டும் ஏன் கெட வேண்டும்?” என்று சிலர் கேட்கிறார்கள். நல்ல கேள்வி, பதிலும் உண்டு. ஓடும் எஞ்சினின் வயிற்றில் நெருப்பு இருந்தது. மேலே விழுந்த மழையை அந்தச் சூடு ஆவியாக்கிற்று. டிரைவரும் பயர்மேனும் கொட்டகைத் தொழிலாளிகளும் தினந்தோறும் எண்ணெய்த் துணியால் அதைத் துடைத்தார்கள். மூட்டுக்கு மூட்டு மசகு இட்டார்கள். குறித்த காலத்தில் தொழிற்சாலைக்குச் சென்று, பாய்லர் முதல் சக்கரம் வரை பிரித்துப் பார்க்கப்பட்டுத் திரும்பிற்று. பீடத்தின் மேல் நிற்கும் எஞ்சினுக்கு நெருப்புமில்லை, எண்ணெயுமில்லை, ஆளுமில்லை. இரவில் குளிர்ந்த இரும்பின் மேல் விடியற்காலையில் பனிநீர் படிகிறது. அதை உலர்த்துவார் எவருமில்லை. உழைத்தபோது கெடாத உடல், கேட்பாரற்றுக் கிடக்கும்போது கெடுகிறது.

கெடுவது எப்படி என்பதையும் அறிந்துகொள்வது நலம். வெயிலின் புற ஊதாக் கதிர்கள் வர்ணத்தைப் பிணைத்திருக்கும் பசையை அழிக்கின்றன. மினுமினுப்பு போய், விரலால் தொட்டால் மாவுபோல் ஒட்டிக்கொள்ளும் நிலை வருகிறது. பிறகு நுண்ணிய வெடிப்புகள். கூர்மையான விளிம்புகளிலும் ரிவெட்டுத் தலைகளிலும் வர்ணம் இயல்பாகவே மெல்லியதாதலால் அங்கேதான் முதலில் நீர் புகும். புகுந்த நீர் வர்ணத்தின் அடியில் பரவும். துரு, தான் தின்ற இரும்பைக் காட்டிலும் இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட இடத்தைப் பிடிக்குமாதலால், இரு தகடுகளுக்கு இடையே சேர்ந்து அவற்றை ஆப்புபோல் பிளந்து, ரிவெட்டுகளையே தெறிக்கச் செய்யும்.

வெளியே தெரிகிற துருவினும் தெரியாத துருவே கொடியது. மூடாத புகைபோக்கி வழியே மழை நேரே புகைப்பெட்டிக்குள் இறங்குகிறது. அங்கே பழைய நிலக்கரிச் சாம்பல் கிடந்தால், அதிலுள்ள கந்தகத்துடன் நீர் கலந்து அமிலமாகி அடித்தகட்டை அரித்துவிடும். பாய்லரைச் சுற்றி வெப்பம் காக்க வைத்த உறை, மேல் தகட்டின் இடுக்கு வழியே கசியும் நீரைக் குடித்து, ஈரத் துணி சுற்றியதுபோல் வருஷக் கணக்கில் பாய்லரை நனைத்துக் கொண்டிருக்கும். பல எஞ்சின்களில் அந்த உறை ஆஸ்பெஸ்டாஸ். அதன் தூசி சுவாசத்தில் புகுந்தால் மனிதனுக்கே ஆபத்து. டெண்டரின் நிலக்கரித் தொட்டியில் இலைச் சருகு மட்கிச் சேறாகிறது. தண்ணீர்த் தொட்டியின் அடி சல்லடையாகிறது. இத்தனையும் நடக்கும்போது வெளியே பளபளவென்று கறுப்பு வர்ணம்!

இடத்துக்கு இடம் ஆபத்து மாறும். தில்லியில் கோடையில் 45 டிகிரி வெயில், பிறகு பருவமழை, பனிக்காலத்தில் புகை கலந்த மூடுபனி. சென்னையிலோ வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. அதனுடன் கடற்காற்றின் உப்பு. பெரம்பூர் ஐ.சி.எப். வளாகத்தில் 2002-இல் திறக்கப்பட்ட சென்னை ரயில் பொருட்காட்சி சாலையும் இந்தக் காற்றுக்கு உட்பட்டதே. உப்புக் காற்று என்ன செய்யும் என்பதற்குப் பிரிட்டனில் வேல்ஸ் கடற்கரையிலுள்ள பாரி என்ற ஊர் உதாரணம். பழைய இரும்பு வியாபாரி ஒருவரின் திடலில் சுமார் 300 எஞ்சின்கள் நின்றன. 213 எஞ்சின்களை ஆர்வலர்கள் விலைக்கு வாங்கி மீட்டார்கள். ஆனால் அவற்றில் பலவற்றுக்கு உயிர் கொடுக்கப் பல பத்தாண்டுகள் பிடித்தன. இதற்கு மாறாக, அமெரிக்காவின் யூனியன் பசிபிக் கம்பெனி தன் ‘பிக் பாய்’ வகுப்பு எஞ்சின்களுள் எஞ்சிய எட்டில் ஒன்றை மீண்டும் ஓட்ட விரும்பியபோது, வறண்ட தென் கலிபோர்னியாவில் சுமார் 50 வருஷம் நின்ற 4014-ஆம் எண் எஞ்சினையே தேர்ந்தெடுத்தது. 2019-இல் அது ஓடவும் செய்தது. இரும்பைக் கொல்வது வயதன்று, ஈரம் என்பதற்கு வேறு சான்று எதற்கு?

கலிபோர்னியாவின் வறட்சியை நாம் இங்கே கொண்டுவர முடியாது. ஆனால் கூரை போட முடியும். இது நமக்குப் புதிய பாடமுமன்று. நம் ஊர்களில் தேரோட்டம் முடிந்ததும் தேரை நடுவீதியில் விட்டுவிடுகிறோமா? நிலையில் சேர்த்து, கொட்டகை அமைத்தோ தகரம் வேய்ந்தோ அடுத்த திருவிழா வரை காக்கிறோம். மரத்தேருக்குச் செய்வதை இரும்புத் தேருக்கும் செய்யச் சொல்கிறோம், அவ்வளவே. மாளிகை வேண்டாம். பக்கங்கள் திறந்து காற்றோட்டமுள்ள உயரமான கொட்டகை போதும். சாரல் அடிக்காதபடி இறவாணம் நன்றாக வெளியே நீண்டிருக்க வேண்டும். அடியில் நீர் தேங்கும் சிமெண்டுத் தளத்தைவிட நீர் வடியும் ஜல்லிப் படுக்கை மேல். ஒன்று எச்சரிக்கிறோம்: எஞ்சினைத் தார்ப்பாயால் இறுகச் சுற்றி வைப்பது கூரையாகாது. உள்ளே வியர்த்து, திறந்த வெளியைவிட வேகமாகத் துருப்பிடிக்கும்.

கூரைக்குப் பிறகுதான் வர்ணம். அதிலும் முறை உண்டு. சாம்பலையும் ஈர உறையையும் தக்க பாதுகாப்போடு அகற்ற வேண்டும். நீர் தேங்கும் இடங்களின் அடியில் வடிகால் துளை வேண்டும். உதிரும் துருவைச் சுரண்டி, எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, உலர்ந்த நாளில், இரும்பின் சூடு பனிநிலைக்கு 3 டிகிரியாவது மேலிருக்கும் வேளையில் அடிப்பூச்சு இட வேண்டும். விளிம்புகளுக்கும் ரிவெட்டுகளுக்கும் கூடுதலாக ஒரு பூச்சு. இயங்கும் தண்டுகளுக்கு வெள்ளி வர்ணம் அடிப்பது அறியாமை. அவை எண்ணெயும் மெழுகும் பூசிக் காக்க வேண்டிய மெருகிட்ட எஃகு. பழைய வர்ணத்தை ஒரேயடியாகச் சுரண்டி எறியவும் கூடாது. அந்த அடுக்குகளில்தான் எஞ்சின் எந்தக் கம்பெனியின் நிறத்தில், எந்த எழுத்தோடு ஓடியது என்ற சரித்திரம் இருக்கிறது. ஒரு மூலையிலாவது அதை அப்படியே விட்டு, விவரத்தை எழுதி வைக்க வேண்டும். பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடுமாதலால் சுரண்டும் தொழிலாளியின் முகத்துக்கு மறைப்பும் அவசியம்.

பசியும் வேலையின்மையும் உள்ள நாட்டில் இதற்குப் பணமா என்ற ஆட்சேபம் ஒன்று உண்டு. கூரைக்கு ஒருமுறை செலவு. வீண் வர்ணத்துக்கோ ஓயாத செலவு. இரண்டையும் விட்டுவிட்டால், பின்னொரு நாள் தகடு தகடாக மாற்ற வேண்டி வரும். அந்தச் செலவு மிகப் பெரிது. பணத்தைவிடப் பெரிய நஷ்டமும் உண்டு. பாய்லரையும் தொட்டியையும் தகடுகளையும் புதிதாக மாற்றியபின் அங்கே நிற்பது அஜ்மீர்த் தொழிலாளி 1895-இல் அடித்த இரும்பாகுமா? உருவம் மிஞ்சும், சாட்சி போய்விடும். எல்லா எஞ்சின்களுக்கும் கூரை போட முடியாதென்றால் எண்ணிக்கையைக் குறையுங்கள் என்கிறோம். ஒரே வகுப்பைச் சேர்ந்த பத்து எஞ்சின்கள் பத்து ஊர் வாசலில் அழுகுவதினும், இரண்டு கூரையின் கீழ் வாழ்வது மேல். மற்றவற்றின் பாகங்கள் அவ்விரண்டுக்கும் உதவட்டும்.

ஆளில்லை என்ற சாக்கும் செல்லாது. 1855-இல் இங்கிலாந்தில் கட்டப்பட்டு, நெடுங்காலம் காட்சிப் பொருளாக நின்ற கிழக்கிந்திய ரயில்வேயின் 21-ஆம் எண் எஞ்சினுக்கு 2010-இல் உயிர் கொடுத்தவர்கள் பெரம்பூர்த் தொழிலாளிகள். நீலகிரிப் பாதைக்குப் புதிய பற்சக்கர நீராவி எஞ்சின்களையே இந்த நூற்றாண்டில் கட்டிக் கொடுத்தது திருச்சி பொன்மலைத் தொழிற்சாலை. அந்தக் கைகள் ஓய்வு பெறுமுன் இளைஞர்களுக்கு அந்த வித்தையைக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு வேண்டும். கைத்திறன் ஒரு தலைமுறை அறுந்தால் பிறகு எந்தச் சர்க்கார் உத்தரவும் அதை வரவழைக்காது.

ஆகவே நாம் கோருவது நான்கு. திறந்த வெளியில் நிற்கும் ஒவ்வொரு எஞ்சினையும் பரிசோதித்து அதன் நிலையை ரயில்வே நிர்வாகம் பகிரங்கமாக வெளியிட வேண்டும். ஒன்றே ஒன்றாய் எஞ்சியவற்றுக்கும் தேச சரித்திரத்தில் இடம் பெற்றவற்றுக்கும் முதலில் கூரை போட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பொறுப்பான ஒருவரை நியமித்து, மழைக்கு முன்னும் பின்னும் பார்த்துப் பதிவேட்டில் எழுதச் செய்ய வேண்டும். கூரைக்கு வழி காட்டாத எந்த ஸ்தாபனத்துக்கும் இனி எஞ்சின் கொடுக்கலாகாது.

இது நிர்வாகத்தின் வேலை என்று பொது ஊழியர்கள் வாளாவிருக்க வேண்டாம். உங்கள் ஊர் ரயில் நிலைய வாசலில் ஓர் எஞ்சின் நின்றால் அதனருகே சென்று, வர்ணத்தைப் பாராமல் அடிப்பாகத்தைப் பாருங்கள். புகைபோக்கி மூடியிருக்கிறதா என்று கேளுங்கள். நகரசபையிலும் சட்டசபையிலும் பார்லிமெண்டிலும் உங்கள் பிரதிநிதிகளைக் கேட்கச் செய்யுங்கள். வருகிற மழைக்கு முன் ஒரு கொட்டகையேனும் எழும்பட்டும்.