ஆட்கள் இருந்தார்கள், அனுப்பிவிட்டோம்

பேரிடர் வந்தால் அரசால் செவிலியரை வேகமாகத் திரட்ட முடியாது, தனியார் ஏஜென்சிகளிடம் பொறுப்பை விட்டுவிடலாம் என்கிறார்கள். கொரோனா காலத்தை இவ்வளவு சீக்கிரம் மறந்தால் எப்படி?

2020-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் கூப்பிட்டதும் ஆயிரக்கணக்கானோர் வந்து நின்றார்கள். பாதுகாப்பு உடைக்குள் வெந்து, வீட்டுக்குப் போகாமல் உழைத்தார்கள். அவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-ஓடு நீட்டிக்கப்படவில்லை. அவர்களுக்கு முன்பே, 2015-ல் ஒப்பந்தத்தில் சேர்ந்த செவிலியர்களின் தொடக்கச் சம்பளமோ மாதம் 7,700 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார வேண்டியிருந்தது.

குமரி மாவட்டம் மார்த்தாண்டத்தைச் சுற்றி நர்சிங் படித்த பிள்ளைகளுக்குப் பஞ்சமா? திருவனந்தபுரத்துக்கும் வளைகுடாவுக்கும் ஏன் போகிறார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள். ஏஜென்சிக்குத் தரப்போகும் கமிஷனை நிரந்தரப் பணியிடங்களுக்குச் செலவிடலாமே! சாதாரண நாளிலேயே ஒரு வார்டை ஒற்றைச் செவிலியர் ராத்திரி முழுக்கத் தாங்கும்படி வைத்துவிட்டு, அவசரத்தில் மட்டும் ஆள் தேடுவது என்ன நியாயம்? காலியிடங்களை இப்போதே நிரப்புங்கள். தொற்றுக்காலத்தில் உழைத்தவர்களிடமிருந்து தொடங்குங்கள்.