நங்கூரம் போட்ட கப்பலும் நகராத கோப்பும்

ஜவ்வாது மலைமேல் ஜமுனாமரத்தூரில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கிழவன் கப்பலைப் பற்றி எழுதுகிறானே என்று நீங்கள் சிரிக்கலாம். இங்கே தண்ணீர் என்றால் ஓடையும் பீமன் அருவியும்தான். ஆனாலும் எழுதக் காரணம் இருக்கிறது.

சாமை அறுப்பு முடிந்த ஒரு நாள் காலையில் பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர் கையில் செல்போனோடு வந்தார். மலையாளி சமூகத்துக்காரர். பேரன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, ஏதோ ஆறு மாதப் படிப்பு படித்து, ஏஜென்ட் ஒருவனிடம் பணம் கட்டிக் கப்பல் வேலைக்குப் போயிருந்தான். இரண்டு ஜோடி மாட்டை விற்று, மருமகள் நகையை அடகு வைத்துக் கட்டிய பணம். நாலு மாதம் சம்பளம் வந்தது. பிறகு நின்றுவிட்டது. வளைகுடாவில் ஒரு துறைமுகத்துக்கு வெளியே கப்பல் நங்கூரம் போட்டு நிற்கிறது, முதலாளி போனை எடுப்பதில்லை, குடிதண்ணீரை அளந்து கொடுக்கிறார்கள் என்று பையன் சொல்லியிருக்கிறான்.

"ஐயா, நீங்கதான் சர்க்காரு ஆபீசுல இருந்தவரு. ஒரு மனு எழுதிக் குடுங்க" என்றார் பெரியவர்.

எழுதிக் கொடுத்தேன். ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. "தங்கள் மனு தக்க நடவடிக்கைக்காக உரிய அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது." அந்த வரியைப் பார்த்ததும் எனக்கே வெட்கமாக இருந்தது. முப்பத்து நாலு வருஷ உத்தியோகத்தில் அதே வரியை எத்தனை ஆயிரம் தடவை தட்டச்சு செய்திருப்பேன்! வாங்குகிறவன் வீட்டில் அது எப்படிப் படிக்கப்படும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

அன்றிலிருந்து இதைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். கப்பல் தொழிலாளி விஷயத்தில் அரசாங்கம் எப்போது அசைகிறது, எப்போது அசைவதில்லை என்பதுதான் என் கேள்வி.

நம் நாட்டில் இந்தக் கதை தூத்துக்குடியில் தொடங்குகிறது. 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, கடைசியில் இலவசமாக ஏற்றிக்கொண்டு குடையும் கொடுத்தது என்பது நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்த கதை. ஆனால் அரசாங்கத்துக்குப் பொறுக்காமல் போனது கப்பல் மட்டும் இல்லை. 1908 பிப்ரவரி கடைசியில் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்கள் பக்கம் நின்றார்கள். தொழிலாளிகளுக்குக் கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கிடைத்தன. மார்ச் 12ஆம் தேதி வ.உ.சி. கைதானார். மறுநாள் திருநெல்வேலியில் துப்பாக்கிச் சூடு, நாலு பேர் சாவு. தொழிலாளி கேட்டால் முதலில் போலீஸ், அப்புறம்தான் பேச்சு என்பது அந்தக் கால முறை.

நான் பிறந்த புதுச்சேரியும் இதற்கு விலக்கு இல்லை. 1936 ஜூலை 30ஆம் தேதி பஞ்சாலைத் தொழிலாளர் பன்னிரண்டு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பாரீஸில் அப்போது இருந்தது தொழிலாளர் ஆதரவோடு வந்த அரசாங்கம்! அந்த ரத்தத்துக்குப் பிறகுதான் பிரெஞ்சிந்தியாவுக்கு எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்தது.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் ஆனதால் கொல்பேர் என்ற பெயர் எனக்கு மறக்காது. பதினான்காம் லூயியின் மந்திரி. 1664இல் கிழக்கிந்தியக் கம்பெனியைத் தொடங்கியவர். அந்தக் கம்பெனியால்தான் புதுச்சேரி. அதே ஆள்தான் கப்பல்காரர்களுக்குப் பெயர்ப்பதிவேடு ஒன்றும், ஊனமுற்ற மாலுமிகளுக்கு நிதி ஒன்றும் ஏற்படுத்தினார். பிரான்சில் மாலுமிகளின் ஓய்வூதியம் அந்த நிதியிலிருந்து வளர்ந்ததுதான். கருணையால் செய்தார் என்று வாத்தியார் சொல்லவில்லை. ராஜாவின் போர்க்கப்பலுக்கு ஆள் வேண்டியிருந்தது. ஆளுக்கு விலையாக உரிமை கொடுத்தார். அரசாங்கத்துக்குத் தேவை இருந்தால் சட்டம் தானாக நடக்கும் என்று அன்றைக்கே படித்தேன். புரிந்தது இப்போதுதான்.

நம் காலத்துக்கு வருவோம். 2024 ஆகஸ்டில் பெரிய துறைமுகங்களின் தொழிற்சங்கங்கள் 28ஆம் தேதி முதல் காலவரையற்ற வேலைநிறுத்தம் என்று அறிவித்தன. 27ஆம் தேதியே டெல்லியில் உடன்பாடு. எட்டரை சதவீத ஊதிய உயர்வு, 2022 ஜனவரியிலிருந்து. நல்லதுதான், அந்தத் தொழிலாளர்களுக்கு உரியதுதான். ஆனால் கவனியுங்கள். துறைமுகம் நின்றால் ஊர் நின்றுவிடும். அதனால் ஒரே நாளில் பேச்சு முடிந்தது. நடுக்கடலில் சம்பளம் இல்லாமல் நிற்கிற பையன் எதை நிறுத்துவான்? அவன் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருக்கிறான்.

2012 அக்டோபர் 31 உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நீலம் புயலில் பிரதிபா காவேரி என்ற எண்ணெய்க் கப்பல் சென்னை பெசன்ட் நகர்க் கரையில் தரை தட்டியது. வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. உயிர்காப்புப் படகு கவிழ்ந்து ஆறு இளைஞர்கள் போனார்கள். சம்பளம் மாதக்கணக்கில் பாக்கி, எரிபொருளும் சாப்பாடும் தண்ணீரும் பற்றாக்குறை என்ற செய்தியெல்லாம் அப்புறம்தான் பத்திரிகையில் வந்தது. நம் கொடி பறந்த கப்பல். நம் தலைநகரத்தின் கண்ணெதிரே பல நாள் நின்ற கப்பல். புயல் வராமல் இருந்திருந்தால் அதைப் பற்றி யார் கேட்டிருப்பார்கள்?

சட்டம் இல்லையா என்றால் இருக்கிறது. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015இல் ஏற்றுக்கொண்டது. அதன்படி இரண்டு மாதச் சம்பளம் வராவிட்டாலே மாலுமி கைவிடப்பட்டவன் என்று கணக்கு. நாலு மாதச் சம்பளம், சாப்பாடு, ஊர் திரும்பும் செலவு ஆகியவற்றுக்குக் கப்பல்காரர் காப்பீடு வைத்திருக்க வேண்டும். வேலை வாங்கித் தர மாலுமியிடம் ஏஜென்ட் காசு வாங்கவே கூடாது. 2017இல் வந்த கடல்வழக்குச் சட்டத்தில், கப்பலைப் பிடித்து விற்றால் மற்றக் கடன்களுக்கு முன்னால் மாலுமியின் சம்பளம்தான். 1958ஆம் வருஷத்து வணிகக் கப்பல் சட்டத்துக்குப் பதிலாக 2025 ஆகஸ்டில் புதிய சட்டமும் நிறைவேறியிருக்கிறது. காகிதத்தில் குறையே இல்லை.

அப்படியும் 2024இல் மட்டும் உலகம் முழுவதும் 312 கப்பல்களில் 3,133 மாலுமிகள் கைவிடப்பட்டார்கள் என்று பன்னாட்டுப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம் கணக்குச் சொல்கிறது. அதில் 899 பேர் இந்தியர்கள். எந்த நாட்டையும்விட நம்மவர்களே அதிகம்.

முதலாளி ஒரு நாடு, கொடி இன்னொரு நாடு, ஆள் மூன்றாவது நாடு, நம் அரசாங்கம் என்ன செய்யும் என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். அந்நிய முதலாளியை நாம் பிடிக்க முடியாமல் போகலாம். ஆனால் பணம் வாங்கியவன் இங்கே இருக்கிறான். அவனுடைய ஆபீஸ் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கிறது. அவனைப் பிடிக்க எந்த உடன்படிக்கை வேண்டும்?

எனக்குத் தோன்றுவது மூன்று. ஒன்று, உரிமம் பெற்ற ஏஜென்ட்களின் பட்டியலைத் தமிழில் அச்சிட்டு ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலும் கிராம சபையிலும் வையுங்கள். அது கப்பல் துறையின் இணையதளத்தில் இருக்கிறது என்பது இந்த மலைக்காரனுக்குப் பதில் ஆகாது. இரண்டு, உரிமம் இல்லாமல் ஆள் பிடிப்பவன் மேல் உள்ளூர்க் காவல் நிலையமே வழக்குப் போட வேண்டும். மனுவை மும்பைக்கு அனுப்பிவிட்டுக் கை கழுவக் கூடாது. மூன்று, இரண்டு மாதச் சம்பளம் நின்றது என்று தெரிந்த உடனே தூதரகம் சாப்பாடும் தண்ணீரும் அனுப்பட்டும். செலவைப் பிறகு காப்பீட்டிடம் வசூலிக்கலாம். பசிக்குக் கோப்பு எண் கிடையாது.

இந்த மலைக்கு இது புதிய பாடமும் இல்லை. தரகன் வார்த்தையை நம்பிக் கீழே இறங்கிய நம் ஆட்களுக்கு 2015 ஏப்ரலில் சேஷாசலக் காட்டில் என்ன நடந்தது என்பதை இங்கே யாரும் மறக்கவில்லை. அன்று சுடப்பட்ட இருபது பேரில் இந்த மலைக்காரர்களும் இருந்தார்கள். காட்டுக்குப் போனாலும் கடலுக்குப் போனாலும் நடுவில் இருக்கிறவன் ஒரே மாதிரி ஆள்தான்.

அந்தப் பையன் பதினோரு மாதம் கழித்து வந்து சேர்ந்தான். எங்கள் மனுவால் இல்லை. அந்தத் துறைமுகத்தில் இருந்த ஒரு தொழிற்சங்கத்து ஆள் ஓயாமல் அலைந்ததால். பாக்கிச் சம்பளத்தில் பாதிகூட வரவில்லை. இப்போது தாத்தாவின் நிலத்தில் சாமை விதைக்கிறான். மாடு இல்லாததால் ஏருக்கு வாடகை கொடுக்கிறான்.

என்னைப் பார்த்தால் மரியாதையாகக் கும்பிடுகிறான். நான் எழுதிய மனுவுக்காக. அந்தக் கும்பிடுதான் எனக்குத் தாங்கவில்லை. உங்கள் ஊரில் யாராவது கப்பல் வேலைக்கு என்று பணம் புரட்டினால், ஏஜென்டின் உரிம எண்ணை முதலில் கேட்கச் சொல்லுங்கள். எண் சொல்லத் தயங்கினால் மாட்டை விற்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.